மண்ணுருண்டை எறியும் தூரம்

காது மெஷினைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டாள் அக்கா. டப்பாவைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"காத்து பூந்து ஊளை வுடுதுடி. இங்க கேக்குறதுக்கு இன்னா இருக்குது?"

ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றும் இல்லாத இடத்தைத் தேடித்தான் வந்திருந்தோம்.

விருத்தாசலத்தில் விடியும் முன்னே பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, கல்வராயன் மலைக்கு வந்து சேர்ந்தபோது அருவிப் பக்கம் திருவிழாவாக இருந்தது. வேன்கள், ஸ்பீக்கர்கள், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், பிழிந்து தோளில் போட்ட துண்டுகள். எனக்குக் கூட்டம் ஆகாது. எங்கே உட்கார்ந்தாலும் அடுத்த இடத்துக்கு இழுக்கிற கால் என்னுடையது. நாற்காலியில் நான் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரிடம் வேறு பாதை உண்டா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. அருவிக்கு அந்தாண்ட வேற ஒரு ஓட, அத ஒட்டியே மேல போவும். ஆனா அந்தப் பக்கம் பாக்க ஒண்ணும் இல்ல. மேக்கால வேற மேகம் கருக்கலா இருக்குது, பாத்துப் போங்க."

எங்கள் தலைக்கு மேல் வானம் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த பீங்கான் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சொல்றாரு?"

"பாக்க ஒண்ணும் இல்லியாம்."

"அப்ப வா."

பாதை கொஞ்ச தூரத்திலேயே குறுகி உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தது. முள் சேலையைப் பிடித்தது. பக்கத்துப் பள்ளத்தில் ஓடை காய்ந்து கிடந்தது; மணலும் உருண்டைக் கற்களுமாக, அகலமாக, சுத்தமாக. முந்தானையை முள்ளிலிருந்து விடுவித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "ரோடு அங்க இருக்குது. நாம இன்னாத்துக்கு முள்ளுல போறோம்?"

அதை ரோடு என்று எங்கள் ஊர்க்காரர்களால்தான் சொல்ல முடியும். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் எங்களுக்கு அது செய்தி. மற்ற நாளெல்லாம் ஆறு என்பது நடக்கிற இடம். குறுக்குவழி, சைக்கிள் பழகுகிற மைதானம், மாசி மகத்துக்குக் கடை போடுகிற தெரு. வெள்ளம் வருவதானாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். வேடிக்கை பார்க்க ஆளுக்கு ஆள் போன் செய்துகொண்டு பாலத்துக்குப் போவோம். அந்தப் பழக்கத்தோடுதான் மலை ஓடைக்குள் இறங்கினோம்.

அக்கா முன்னால் நடந்தாள். பீங்கான் கம்பெனியின் அரவைக் கொட்டகையில் பல வருஷம் வேலை பார்த்தவள். அங்கே ஆளை விடப் பெரிய இரும்பு உருளை ஒன்று. அதற்குள் களிமண், தண்ணீர், கூழாங்கற்கள். உருளை சுற்றச் சுற்றக் கற்கள் புரண்டு மண்ணைக் கூழாக்கும். நாள் முழுக்க அந்தச் சத்தம். அதுதான் அவள் காதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றது. கொட்டகைக்குள் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. ஈரக்களியைக் கிள்ளி, உருட்டி, முதுகில் எறிவார்கள். தப்பென்று விழுந்தால் திரும்ப வேண்டும். மற்றதெல்லாம் கைச்சாடை. உருளையின் மூடியைத் திறக்கும்போது கூழ் பீறிட்டு வரும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினால், மேடைக்கு ஏறு என்று அர்த்தம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவி முன்னால் இருக்கும் மாமாவைச் சப்பாத்தி மாவு உருண்டையால் கூப்பிடுவாள். மாவு வீணாகிறது என்று அவர் கத்துவார். அவளுக்குக் கேட்காது. சாடையெல்லாம் நாங்களும் பழகிக்கொண்டோம். எனக்குக் குறி மட்டும் வரவில்லை. "நீ எறிஞ்சா எதுத்த வூட்டுக்காரங்கதான்டி திரும்பிப் பாப்பாங்க" என்பாள்.

ஓடையின் கரைகள் உயர்ந்துகொண்டே வந்தன. இடுப்பு உயரம். தோள் உயரம். பிறகு இரண்டு பக்கமும் வேர் தொங்கும் மண்சுவர். என் செருப்புக்குள் கல் புகுந்தது. நின்று அதை உதறினேன். அதற்குள் அக்கா தூரம் போய்விட்டாள். ஓடைக்கு நடுவே மஞ்சள் சேலை, ஆடுகிற கைப்பை.

அப்போது கேட்டது, அரவைக் கொட்டகையின் சத்தம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மலைமேல் யார் கொண்டுவந்து அரவை உருளையை வைத்தது? அப்புறம்தான் புரிந்தது. கற்கள். தண்ணீருக்குள் கற்கள் உருள்கிற சத்தம். மேலே எங்கேயோ பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. எங்கள் மேல் இன்னும் வெயில்.

கரை சரிந்து, ஏறுவதற்கு வாகாக இருந்தது ஒரே இடம். அக்காவுக்குச் சற்றுப் பின்னால், என் பக்கமாக. அவளோ வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். வளைவைத் தாண்டினால் கண்ணுக்கு மறைந்துவிடுவாள். சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அவளுக்குக் கேட்காது என்பது உறைத்தது. ஓடினேன். மணலில் கால் புதைந்தது, கல்லில் வழுக்கியது. கல் ஒன்றை எடுத்தேன். அவள் பின்தலையைப் பார்த்தேன். கீழே போட்டுவிட்டேன். மண் வேண்டும். ஈர மண். ஓடை முழுக்கப் பொலபொலவென்ற மணல், எறிந்தால் காற்றிலேயே உதிரும். சுவரில் ஒரு வேருக்கு அடியில் கசிவு தெரிந்தது. விரலை நுழைத்துப் பிடுங்கினேன். செங்களி. உருட்டினேன், அவசரத்தில் அது பிதுங்கியது. எறிந்தேன்.

அவளை எட்டாமல் பாதியிலேயே விழுந்து சப்பையானது.

மறுபடி பிடுங்கினேன். நகக்கண்ணில் வேர் குத்தியது. சத்தம் இப்போது காதில் இல்லை, பல்லில் இருந்தது. அக்கா வளைவில் குனிந்து எதையோ பார்த்தாள், ஏதோ பூவாக இருக்கும். நிமிர்ந்தாள். இன்னும் கொஞ்சம் ஓடினேன். எறிந்தேன்.

தப்.

தோளுக்குக் கீழே, மஞ்சளில் சிவப்பாக. திரும்பினாள். முகத்தில் சண்டை கிடைத்த சந்தோஷம். "புதுச் சேலடி, உன்ன..." என்று வாய் ஆரம்பித்தது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினேன்.

வாய் பாதியில் நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் என்ன என்றும் பார்க்கவில்லை. கொட்டகையில் அந்தச் சாடைக்கு யாரும் காரணம் கேட்டதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவுக்கு ஓடி வந்தாள். நான் கீழிருந்து இடுப்பைத் தள்ளினேன், அவள் வேரைப் பிடித்து ஏறினாள், மேலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். என் செருப்பு ஒன்று கீழேயே தங்கிவிட்டது.

தண்ணீர் வளைவில் திரும்பியது. தண்ணீர் என்பது ஒரு பேச்சுக்கு. பழுப்பாக, கிளையும் சருகுமாக, கம்பெனிக் கூழ் போலக் கனத்து வந்து, எங்கள் காலடித் தடத்தையும் என் செருப்பையும் ஒன்றாக மூடிக்கொண்டு போனது. அக்கா குனிந்த இடம் எதுவென்று அப்புறம் தெரியவில்லை.

புதருக்குள் உட்கார்ந்தோம். முள் குத்தியது. குத்தட்டும். வெகுநேரம் கழித்து அவள் கைப்பையைத் திறந்து மெஷினை மாட்டிக்கொண்டாள். ஓடைச் சத்தத்தைக் கேட்டாள். முகம் மாறியது.

"அதுருச்சுடி" என்றாள். "கீழ, காலுல. ரொம்ப நேரமாவே அதுருச்சு."

"அப்ப நின்னு பாக்குறதுக்கு இன்னா?"

"எனக்கு எப்பவும்தான் அதுருது. வேலைய வுட்டும் நிக்கல. ராத்திரி படுத்தா கட்டிலே ஓடுறாப்ல இருக்கும். எது நெஜம்னு பாக்குறதயே வுட்டுட்டேன்."

இத்தனை வருஷம் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

"சொல்லவே இல்லியேக்கா."

"நீ எங்க ஒரு எடத்துல ஒக்காந்த, சொல்றதுக்கு?"

அவள் எழுந்து சேலையின் பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தாள். "பரவால்ல, குறி வந்துடுச்சு" என்றாள். "எந்திரி. நீ முன்னால போ. ஒத்தச் செருப்பு ராணி."

முள் பாதையிலேயே கீழே இறங்கினோம். கீழே ஓடை அலறிக்கொண்டே கூட வந்தது. மெஷின் ஊளையிட்டிருக்க வேண்டும். அவள் அதைக் கழற்றவில்லை. முதல் திருப்பத்தில் என் முதுகில் தப்பென்று விழுந்தது. திரும்பினேன். வெறுங்கையைக் காட்டினாள். "ஒண்ணும் இல்ல, போ."

அடுத்த திருப்பத்திலும் விழுந்தது. அதற்கடுத்த திருப்பத்திலும். பின்னால் அவள் நடந்து வருவது எனக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நின்று, முழுசாகத் திரும்பி, அவளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன்.