கயிறு கட்டிய கல்

ஃபுசாயே கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள், கணவரை உட்கார வைத்திருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது.

கணவர் கியோஹாரு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. இப்போது நினைவு தப்பி, வீட்டு வாசலைத் தாண்டினால் வழி தெரியாது. பள்ளிச் சமையற்கூடத்தில் அண்டாக்களோடு மல்லுக்கட்டி முதுகு ஒடிந்த ஃபுசாயே, இரவில் எழுந்து போய்விடுவாரோ என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பிளம் மரங்கள் பூத்திருக்கின்றன, பார்த்தால் கொஞ்சம் தெளிவாரோ என்ற நப்பாசையில் கனஸவா நகரின் இந்தத் தோட்டத்துக்கு அழைத்து வந்திருந்தாள்.

குளத்தைச் சுற்றினாள். பைன் மரங்களின் அடியில் பனி இன்னும் கரையவில்லை. அங்கே யாரும் குரல் உயர்த்துவதில்லை; அவளும் "என்னங்க... என்னங்க..." என்று உதட்டுக்குள்ளேயே கூப்பிட்டபடி போனாள். தேநீர்க் குடிலுக்குப் பிரியும் பாதையில் கறுப்புக் கயிறு கட்டிய சின்னக் கல் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் போகக் கூடாது. கையில் அடங்கும் கல்தான், ஆனால் குழந்தைகூடத் தாண்டாது. அவரா தாண்டுவார்? திரும்பினாள். இன்னொரு சுற்று சுற்றி வந்து, மறுபடியும் அதே கல்லைப் பார்த்துத் திரும்பினாள்.

வாசலில் சீட்டு கொடுப்பவள், "ஐயா வெளியே போகலைங்க. இனி மூடுற நேரம்" என்றாள்.

வெயில் இறங்கிவிட்டது. ஃபுசாயே குளக்கரையில் நின்று வாய்விட்டு அலறினாள். "கியோஹாரு!"

பூ பார்க்க வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தோட்டக்காரர் தொகுஜி ஓடிவந்தார்.

"அம்மா, மெதுவா..."

"மெதுவாத்தானே இவ்வளவு நேரம் தேடினேன்! என்னத்தைக் கண்டேன்?"

"வாசல்ல அரிசி உருண்டை சுடுற கடையில பாத்தீங்களா? எங்க வீட்டுப் பெரியவரு தொலைஞ்சா அங்கதான் கிடப்பாரு."

"வெளியே போகலையாம்!"

"குடில் பக்கம்?"

"கல்லு இருக்கே!"

"அது சித்த முன்னாடிதான் வச்சேன், பாசி ஊறிக் கிடக்குன்னு..." தொகுஜியின் முகம் வெளிறியது. "உள்ளே ஆளு இருக்கான்னு பாக்கலையே, அம்மா."

அவள் கல்லைத் தாண்டி ஓடினாள். பாசி வழுக்கியது. மூங்கில் வேலிக்குப் பின்னால், குடிலின் மரப்பலகையில் கியோஹாரு உட்கார்ந்திருந்தார். காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னங்க!"

அவர் எழுந்து தலை குனிந்து வணங்கினார். "மன்னிக்கணும். திரும்பி வர்றப்போ வழியில கல்லு இருந்துது. எடுப்பாங்கன்னு காத்திருக்கேன்."

தொகுஜி ஓடிப்போய்க் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். "எடுத்தாச்சுங்க. வாங்க."

"இல்லைங்க. என் பொண்டாட்டி வருவா. அவ வராம எங்கேயும் வர மாட்டேன்."

"நான்தாங்க. ஃபுசாயே."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அவ இப்படித் தலை கலைஞ்சு ஓடி வர மாட்டா. யாரோ கத்தினாங்களே, நீங்கதானா? உங்க வீட்டுல யாரையாவது காணோமா? பாவம்."

அவர் பற்கள் கிடுகிடுத்தன. அவள் நீட்டிய கையை அவர் மரியாதையாக விலக்கினார். இழுத்தால் அலறுவார், அது அவளுக்குத் தெரியும்.

ஃபுசாயே கலைந்த தலையை ஒதுக்கினாள். இரண்டடி பின்வாங்கி, முன்பின் தெரியாதவள்போல் குனிந்து வணங்கினாள்.

"ஐயா, உங்க வீட்டம்மாதான் என்னை அனுப்பினாங்க. வாசல்ல நிக்கறாங்க."

"அப்படியா!" அவர் முகம் மலர்ந்தது. "குளுருதே, அவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க ஐயா" என்று சொல்லி, அவள் முன்னால் நடந்தாள்.