பாட்டன் வாங்கிய மூன்று ஏக்கர்

லோகேஸ்வரிக்கும் கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் ஒரு மலாய்க்காரக் குமாஸ்தாவுக்கும் ஏதோ இருக்கிறதாம். தன் நாத்தனார் கண்ணால் பார்த்ததாக அம்சவள்ளி சொல்லித்தான் புக்கிட் பெலிம்பிங் ஊர் முழுக்கப் பரவியது. செவ்வாய் தவறாமல் போகிறாள், மல்லிகை வைத்துக்கொண்டு போகிறாள், திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கிறது. இதற்குமேல் சாட்சி எதற்கு?

இருப்பதென்னவோ உண்மைதான். ஆனால் குமாஸ்தாவோடு அல்ல, அவர் எடுத்துத் தரும் பழைய பதிவுகளோடு. ராவாங் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஓட்டைக் கையுறையைப் பொறுக்கி எறிந்த கண் அவளுக்கு. ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் கண்ணுக்கு இப்போது வேறு வேலை. "இந்தக் கிராணி மத்தியானம் கள்ளு குடிச்சிருக்கான்லா" என்பாள், பதிவை எழுதிய அந்தக் காலத்துக் குமாஸ்தாவின் கையெழுத்தைப் பார்த்தே. "காலையில எழுதுனது நேரா நிக்குது பாருங்க. சோத்துக்கு அப்புறம் எழுதுனதெல்லாம் சாயுது."

நிலப்பட்டாவுக்கு இந்தப் பக்கம் கிராண்டு என்று பெயர். தாத்தா பெயரில் எங்கோ கிடக்கும் கிராண்டைத் தேடித் தோட்டத்துக் குடும்பங்கள் அவளிடம் வரும். யாரிடமும் வம்சாவளி கேட்க மாட்டாள். ஒரே கேள்விதான். "ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்புடாத ஆளு யாரு?"

வந்தவர்கள் கொஞ்சம் இழுத்து ஒரு பெயரைச் சொல்வார்கள்.

"அந்த வீட்லதான் இருக்கும். மொதல்ல போயி கால்ல விழுங்க."

பெரும்பாலும் பலித்துவிடும். கிராண்டு டிரங்குப் பெட்டியிலிருந்து வரும், முப்பது வருடத்துத் திட்டும் கூடவே வரும்.

சொந்தக் குடும்பத்து நிலத்தை மட்டும் அவள் தேடியதில்லை. தேட என்ன இருக்கிறது? மூன்று ஏக்கர். அப்போது தென்னை, இப்போது செம்பனை. வீட்டில் பாட்டன் என்று அழைக்கும் கொள்ளுத்தாத்தா இருசப்பன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, வேர்வை சிந்தி வாங்கியது. இந்த வாக்கியத்தை அவள் அண்ணன் சுகுமாறன் கோயில் கூட்டத்தில் சொல்வார், கல்யாணத்தில் சொல்வார். ஒருமுறை பல் பிடுங்கிய டாக்டரிடம் வாய் நிறையப் பஞ்சோடு சொல்லியிருக்கிறார். கோயில் தலைவர் அவர். அந்த நிலத்தின் ஒரு மூலையில் கட்டிய மண்டபத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை இருசப்பன் பெயரைச் சூட்டுகிறார். வாசலில் சட்டம் போட்டு மாட்டப் பழைய கிராண்டின் நகல் வேண்டும். தங்கச்சி அதற்குத்தானே அலைகிறாள்?

இந்தச் செவ்வாய் நகல் கிடைத்தது. அதில் இருசப்பன் பெயரே இல்லை. 1927இல் மெர்சர் என்ற தோட்டத்துத் துரை தன் சொந்த நிலத்தை இருசப்பனின் மனைவி வேலம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். விலை எழுத வேண்டிய கடைசிக் கட்டத்தில் தொகை இல்லை. 'இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பன் மகனுக்கும், புருஷன் பெண்சாதிக்கும் எழுதிக் கொடுக்கும்போது போடுகிற வாசகம்.

லோகேஸ்வரி சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வேலம்மாவின் மகனான தாத்தாவுக்கு இருந்து அண்ணனுக்கு இறங்கிய பூனைக்கண்ணுக்கு வீட்டில் சொல்லிவந்த காரணம், கூலிகளின் லயத்து வீட்டில் வேலம்மா மாசமாக இருக்கையில் குங்குமப்பூ சாப்பிட்டாள் என்பது.

"லயத்துல குங்குமப்பூ! அரிசியே அளந்துதான் போட்டானுங்க."

இன்னொரு முறை படித்தாள். சிரிப்பு வற்றிப்போயிற்று. "அன்பாம். தொரை கூப்புட்டு அனுப்புனா லயத்துல எவ போகாம இருக்க முடியும்?" என்றாள் குமாஸ்தாவிடம், தமிழிலேயே. அவர் பாவம், தலையாட்டி வைத்தார். "ஆனா வுட்டாளா பாருங்க. எழுதி வாங்கியிருக்கா. அதுவும் புருசன் பேருல இல்ல, தன் பேருல."

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"கெடச்சிச்சா பாப்பா? பாட்டன் பேரு தெளிவா இருக்கா?"

"எல்லாம் தெளிவா இருக்குண்ணே. பாட்டன் பேருதான் இல்ல." கட்டம் கட்டமாகப் படித்துக் காட்டினாள்.

அண்ணன் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு வா. கல்லுல பேரு வெட்டியாச்சு. ஊருக்குத் தெரிஞ்சா நான் கோயில் பக்கம் தலை காட்ட முடியுமா? நம்ம வம்சத்தையே கேவலப்படுத்தப் பாக்குறியா?"

"நிலம் வந்தது அவளால. கல்லுல மட்டும் அவரு பேரா?"

"கிழிக்கலைன்னா இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

அவர் வைத்துவிட்டார். லோகேஸ்வரி நகலைப் பைக்குள் வைத்தாள். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே வாசற்படி அது. பிறகு கடைத்தெருவுக்கு நடந்து, படத்துக்குச் சட்டம் போடும் சீனர் கடைக்குள் நுழைந்தாள்.

"பெருசா சின்னதா?" என்றார் கடை முதலாளி.

"இருக்கறதுலயே பெருசு, தவுக்கே."

அவர் நகலின்மேல் வெள்ளை அட்டையை வைத்துப் பார்த்தார். அட்டையின் விளிம்பு கடைசிக் கட்டத்தை மூடியது. "இப்படி வெச்சா அழகு" என்றார். மேசைமேல் கைப்பேசி 'அண்ணன்' என்று துடித்தது. நின்றது. மறுபடியும் துடித்தது. லோகேஸ்வரி ஒற்றை விரலால் அட்டையைக் கீழே தள்ளினாள், கடைசிக் கட்டம் முழுதாக வெளியே தெரியும்வரை.