எங்க பக்கம் யாருக்கும் கிடையாது

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வம்சாவளி அக்கா என்று பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்குகிற முடக்குவாதம் ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு வந்தது என்று வீடு வீடாகப் போய் விசாரித்து, வம்ச வரைபடம் போடுவது அவள் வேலை.

பெரிய டாக்டர் நாற்பது கேள்விகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார். முதல் மாதம் நாற்பதுக்கும் ஒரே பதில்தான். கொக்கிபோல் வளைந்த விரல்களால் கதவைத் திறந்தவர்கள்கூட, "எங்க பக்கம் யாருக்கும் கிடையாதும்மா" என்று சாதித்தார்கள்.

உண்மை வேண்டுமென்றால் நோயாளியைக் கேட்கக் கூடாது, அவருக்கு ஆகாதவரைக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்குப் புரிந்தது. கேள்வித்தாளைப் பைக்குள் திணித்துவிட்டு, மருமகளிடம் மாமியார் வீட்டைப் பற்றியும் நாத்தனாரிடம் அண்ணி வீட்டைப் பற்றியும் பேச்சுக் கொடுத்தாள்.

"அவங்க அத்தைக்கு முப்பது வயசுலயே முட்டி போச்சு. கல்யாணத்தப்போ மறைச்சுட்டாங்க."

இப்படி மூன்று தலைமுறை வியாதியும் தேதி வாரியாக வந்து கொட்டியது. பெரிய டாக்டர் இந்த விசாரிக்கும் முறைக்குத் தன் பெயரை வைத்து, மாநாட்டில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். அக்காவைக் கூட்டிப்போகக்கூட இல்லை.

பிறகு ஊழியர்களின் குடும்பங்களையும் ஆய்வில் சேர்த்தார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மோதிரம் கழற்ற முடியாமல் வீங்கிய விரலை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க பக்கம் யாருக்கும் கிடையாது சார்."

பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சரிம்மா. உங்க நாத்தனார் நம்பர் சொல்லுங்க."