அவர் முனகிய வேறொரு ராகம்

"இப்பம்தான் கரையில எறங்கினதுக்கா" என்று மீன்காரி சத்தியமே செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் டென்மார்க்கிலிருந்து ஒரு பாட்டு வந்து நுழைந்தது.

எங்கள் மகள் அங்கே நர்ஸ். தான் போகும் சர்ச்சில் பாடியது என்று போன மழைக்காலத்தில் ஒரு வீடியோ அனுப்பினாள். மெழுகுவர்த்தி வெளிச்சம், வரிசையாக நிற்கும் வெள்ளைக்காரர்கள், ஒரு சொல்லும் புரியாத பாஷை. நான் பாதியிலேயே அவியலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"இது டென்மார்க் பாட்டா? நாங்க சர்ச் கொயர்ல தமிழ்ல பாடினதுல்லா!" என்றார். குரலே இளசாகிவிட்டது.

"எப்பம்?"

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த மூடல் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களுடையது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று அவர் என் முகத்தைவிட மிக்சர் தட்டைத்தான் அதிகம் பார்த்தார். விருப்பப்பட்டு என்னைக் கட்டினாரா, வீட்டில் சொன்னார்கள் என்று கட்டினாரா? இதை ஒருநாளும் நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவார். கேட்காமலே வயசாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவர் போனும் கையுமாகக் கிணற்றடிப் பக்கம் போனார். நான் துணி காயப்போடும் சாக்கில் பின்னால் போவேன். என்னைக் கண்டதும் பாட்டு நிற்கும். நிற்பதற்கு முன் காதில் விழுந்ததுதான் என்னைக் குடைந்தது. போனில் ஓடுவது ஒரு ராகம். இவர் முனகுவது வேறு ராகம். டென்மார்க் பாட்டை வெளியே ஓடவிட்டு உள்ளே எந்தப் பாட்டை நினைக்கிறார்? யாரோடு பாடிய பாட்டு?

அவருடைய தங்கையும் அதே கொயரில் நின்றவள். போன் போட்டு மெதுவாகக் கிண்டிப் பார்த்தேன்.

"அய்யோ மைனி, அண்ணனுக்கு அந்தப் பாட்டுன்னா உயிரு! ஏன்னு அவன்ட்டயே கேளுங்க" என்று ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நேரே கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

"ஆரு அவ?"

"எவ?"

"கொயர்ல ஒங்க கூட நின்னவ."

முதலில் சிரித்தார். என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஏட்டி, இது நம்ம கல்யாணத்துக்குப் பாடின பாட்டு. தாலி கட்டி முடிச்ச ஒடனே பாடினாங்க. நான்தான் இது வேணும்னு கேட்டேன். ஒன்ட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"பொய். நீங்க முனகுறது இந்த ராகமே இல்ல."

"கொயர்ல நாலு குரல் உண்டுல்லா? நான் பாடுறது பேஸு, அடிக்குரல். ராகம் மேல பாடுறவங்களுக்கு. அடிக்குரல்காரனுக்குக் கெடச்சது இதுதான்."

போனை ஓடவிட்டு கூடவே பாடினார். அவர் குரல் பானைக்கு அடியில் வைத்த பிரிமணை மாதிரி அந்தப் பாட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. எத்தனையோ வருஷம் எங்கள் சர்ச்சில் உட்கார்ந்து கொயரின் நாலு குரலையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். அடிக்குரலைத் தனியாகக் கேட்டதே இல்லை.

"அப்பம் பேஸுக்கு ரெண்டே பேருதான். ஒருத்தன் காய்ச்சல்ல கெடந்தான். மத்தவன் மாப்பிள்ளையா நிக்கான். ஒன் கல்யாணப் பாட்டு கொறையா போகப்பிடாதுன்னு நின்ன எடத்துலயே நான் மெதுவா பாடினேன்."

எனக்கு அந்த இடம் அப்படியே கண்முன் வந்தது. வெள்ளைப் புடவை, முகத்தில் உரசும் வலைத்துணி, கழுத்தில் நனைந்த மாலை. பாட்டு ஒரு வரிகூட மனசில் இல்லை. ஆனால் பக்கத்தில் அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கர்த்தரே, இதிலிருந்து என்னைத் தப்புவியும் என்று ஜெபிக்கிறார் என்றே நினைத்தேன். அந்த நினைப்போடுதான் அவர் வீட்டு வாசற்படி ஏறினேன். அந்தப் பயத்தோடுதான் இத்தனை வருஷமும் அவருக்குச் சோறு பரிமாறினேன்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"போனை அணைச்சிட்டு, நீங்க மட்டும் பாடுங்க" என்றேன்.