முடியாது என்று நிரூபித்தவள்

தப்பும் தவறுமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்றவள். எது முந்தி, எது பிந்தி என்பதும் மறந்துபோகிறது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

என் தங்கை திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்த காலத்தில் அமெரிக்கா போய்ப் பேராசிரியை ஆனாள். போன மாசியில் அங்கேயே காலமானாள். "தங்கச்சி எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். அவளுக்கு ஏது கம்பெனி? கம்ப்யூட்டரால் எது ஆகும், எது ஆகாது என்று பேப்பரில் பென்சிலால் கணக்குப் போடுவதுதான் வேலை.

ஒருமுறை அவள் வந்தபோது ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை வைத்து மடை திறந்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரே சண்டை.

"அக்கா, யார் நாத்தும் காயாம எந்த வரிசையில மடை திறக்கணும்? இந்த மாதிரிக் கணக்குக்கு ஒரு சுருக்கு வழி இருக்குன்னு எல்லாரும் நம்புனாங்க. அந்த வழியில போனா எவ்வளவு வேகமான கம்ப்யூட்டராலயும் முடியாதுன்னு நிரூபிச்சேன். பதினோரு வருஷம் ஆச்சு."

"முடியாதுன்னு சொல்லவாடி பதினோரு வருஷம்?"

"எனக்கு முடியலைன்னா சும்மா இருந்துடலாம். யாராலயும் முடியாதுன்னா காட்டணும்ல?"

இப்போது பள்ளிக்கூடத்தில் அவள் நினைவாக மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். மலர்க்குழு வாத்தியார் புரூஃப் கொண்டுவந்தார். 'முடியும் என்று நிரூபித்தார்' என்று இருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போடுற மலர்ம்மா. முதல் பக்கத்துலயே முடியாதுன்னா அபசகுனம். நான்தான் மாத்துனேன்."

"அவ கண்டுபிடிச்சதே அதுதாங்க."

"அதுக்கு அமெரிக்கா எதுக்கு? முடியாதுன்னு எங்க வீட்டு உழவு மாடே தினம் சொல்லுதே!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுத்து அனுப்பினேன். கொடுத்த என் கையை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது.

சகுனம் நானும் பார்க்கிறவள்தான். விளக்கை அணை என்று சொல்லமாட்டேன், குளிர வை என்பேன். கார் ஏறும்போது "போறேங்க்கா" என்றவளை, "போயிட்டு வர்றேன்னு சொல்லுடி" என்று அதட்டியிருக்கிறேன். ஆனால் இது விளக்கா? அவள் ஆயுசு ஐயா! ஒரு சொல்லை மாற்றி அத்தனையையும் பொய்யாக்கிவிட்டீர்களே!

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். இந்தக் காகிதத்தை நானே அச்சாபீசில் கொடுக்கப்போகிறேன். அவள் சொன்னது பதினோரு வருஷமா ஒன்பதா, அமெரிக்கா போனது ஆடியா ஆவணியா என்று நிச்சயமில்லை. அந்தக் கணக்குத் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். 'முடியாது' என்பதில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள்.