மாமா வீட்டுத் தூண்கள்

சேலத்தில், கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசியில், சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் தாய்மாமா சுண்ணாம்புக்கல் துண்டுகளோடு அங்கே வந்து நின்றார். புது வீட்டின் போர்டிகோவைத் தாங்கும் தூண்கள் அந்தக் கல்லில் எழுப்பியவை. மழைக்குப் பிறகு ஒரு தூணில் மயிரிழை போலக் கோடு தெரிந்ததாம். மகள் கல்யாணத்துக்குப் போர்டிகோவின் மாடியில் பந்தி போடவே கூடாது என்று அத்தை பிடிவாதமாக இருந்தார்.

"கல்லு நல்லாருக்குதுன்னு எழுதிக் குடு சாமி. உங்கத்தை வாய மூடோணும்," என்றார்.

கல்லைச் சிறு கனசதுரங்களாக அறுத்தோம். காய்ந்த துண்டைத் தூணில் நிற்கும் வாக்கிலேயே அழுத்தும் இயந்திரத்தில் வைத்தேன். அழுத்தத்தைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. நன்றாகத் தாங்கிவிட்டுத்தான் உடைந்தது. மாமா சிரித்தார்.

"பாதிதானுங்க மாமா முடிஞ்சிருக்குது. தண்ணியில ஊறுன கல்லையும் பாக்கோணும்."

"பத்திரிகை வெச்சாச்சு. நீ கல்ல ஊறப்போட்டுட்டு உக்காந்திருக்கிறயா?"

அன்று மாலை அம்மா போனில் அழுதார். நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் ஏன் மாமாவோடு வம்பு என்றார். மறுநாள் மீதித் துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

மாமா மறுபடி வந்தபோது, ஊறிய துண்டை அதே வாக்கில் வைத்தேன். முள் முன்பு ஏறியதில் பாதிகூட ஏறவில்லை. கல் தனக்குள் ஓடும் வரியோடு பிளந்து, சில்லுகள் இயந்திரத்தின் வலைக்கதவில் தெறித்தன.

"இன்னொன்னு வெய்யி," என்றார் மாமா.

அதுவும் அப்படியே பிளந்தது.

"தூணு உழுந்துருமா?" என்றார் மெதுவாக.

"இன்னைக்கா, அடுத்த வருசமான்னு தெரியாதுங்க மாமா. மேல கூட்டம் உக்காந்தா அடியில நான் நிக்கமாட்டேன்."

வாங்கி வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன்.

போர்டிகோவுக்கு அடியில் இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரிகளை வெளியே எடுத்துவிட்டு, அவை நிற்கும் செட்டைக் கழுவி அங்கே பந்திக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல நின்றார். கல்யாணம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

பிறகு தூண்களைக் கழற்றினார்கள். கோடு விழுந்த தூண், கிரேனில் தூக்கும்போதே இரண்டாகப் பிளந்ததாம். மாமாவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. தரையில் கிடந்த கல்லின் உட்பக்கம் ஆழம்வரை ஈரமாக இருந்தது. படத்துக்குக் கீழே, "புதுத் தூணுக்கு எந்தக் கல்லு எடுக்கறது? வந்து பாத்துச் சொல்லு சாமி," என்று எழுதியிருந்தார்.