எட்டு கிலோவுக்குள் கோசாசி

கர்... கர்... கர்...

குளியலறைக்குள்ளிருந்து ரம்பச் சத்தம். அடுப்படியில் டோஃபு பொரித்துக்கொண்டிருந்த நினிங் கரண்டியோடு ஓடிவந்தாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவள் கணவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்த எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை.

“காங்!” என்று ஊர் வழக்கப்படி கணவனைக் கூப்பிட்டாள். “உள்ள என்னத்த அறுக்கறீங்க?”

“சீட் கம்பிய. பேசாத, அளவு தப்பிடும்.”

“அத நேத்தே அறுத்தீங்களே?”

“இது மூணாவது தடவ.”

நினிங்கின் கணவன் கோசாசி, இந்தோனேசியாவின் பாண்டுங்கில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவன். ஊரிலுள்ள சங்கங்களுக்கெல்லாம் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவனுக்கு, அவன் ஏங்கிய ஒரே சங்கத்தில் இடமில்லை. எந்தாங் என்பவர் நடத்தும் சைக்கிள் சங்கம் அது. வண்டி எட்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். எண்பது லட்சம் ரூபியாவுக்குள், நம் பணத்தில் நாற்பதாயிரம் சொச்சத்துக்குள், கட்டியிருக்க வேண்டும். பணக்காரன் வாங்கி வந்து பீற்றக் கூடாதென்று போட்ட விதி. தேறியவர்கள் இருபது பேர் வருடத்துக்கொருமுறை லெம்பாங் மலையேறுவார்கள்.

முதல் வருடம் கோசாசியின் வண்டி ஒன்பது கிலோ முந்நூறு. அடுத்த வருடம் எட்டு நானூறு. அன்று கடையில் உட்கார்ந்து அவன் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ தவறிவிட்டார்களென்று மூன்று வாடிக்கையாளர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருடம் விடவில்லை. பழைய சாமான் சந்தையில் அலுமினிய ஃப்ரேமைப் பலாப்பழம் போலத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தான். படிப்போடு சைக்கிளையும் விட்ட ஒரு மாணவனிடம் சக்கரங்கள். முடிதிருத்துகிறவரிடம் கியர். மணியைக் கழற்றினான். திருகாணிகளின் நுனியை நறுக்கினான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். அப்படியும் நூறு கிராம் மிச்சம் நின்றது, மாமியார் மாதிரி.

“வயித்துல இருந்து நூறு கிராம் கொறைங்களேன்,” என்றாள் நினிங்.

“வயித்த யாரு எடை போடறா?” என்று சீட் கம்பிமேல் ரம்பத்தை வைத்தான் கோசாசி.

வரும் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். பட்டியலில் ஒரே இடம் பாக்கி. இன்றுதான் கடைசி நாள். பத்து மணிக்கு எந்தாங் கொக்கித் தராசோடு வந்தார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் பொட்டலம் நிறுத்தவர். எடையில் அப்பன் மகன் பார்க்க மாட்டார்.

வண்டி தராசில் தொங்கியது. கோசாசி கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏழு தொள்ளாயிரத்து அறுபது.”

“ஐயோ பாக்!” என்று அலறினான். பாக் என்றால் ஐயா; அந்த மரியாதையையும் மறந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவர் கண்ணாடி கழன்று விழுந்தது.

“விடுப்பா, மூச்சு முட்டுது. ஏறி உக்காரு, பாப்போம்.”

ஏறினான். முழங்கால்கள் இரண்டும் தாடைக்கு வந்தன. எந்தாங் குனிந்து பார்த்தார்.

“சீட்டத் தூக்கு.”

“தூக்க முடியாது பாக். கம்பி ஃப்ரேமுக்குள்ள நாலு விரக்கடையாவது எறங்கணும். தூக்கினா ஒரு விரல்தான் நிக்கும். புடுங்கிக்கும்.”

“புடுங்கிக்கிட்டா?”

“கம்பி மேல உக்காரணும்.”

“வேற கம்பி மாட்டு.”

“மாட்டினா எட்டத் தாண்டிடும்.”

“தவளையை எல்லாம் நான் மல மேல கூட்டிட்டுப் போறதில்ல,” என்றார் எந்தாங்.

கோசாசி தரையில் சரிந்தான். மூன்று வருடக் கனவை, தன் கையால், தன் குளியலறையிலேயே, மூன்று தவணையாக அறுத்துப் போட்டிருந்தான் அந்தப் பாவி!

நினிங் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவனின் தோளுயரம்தான் அவள். பன்னிரண்டு வருடமாக இரும்பு சைக்கிளில் முப்பது கிலோ டோஃபுவை மேட்டுத் தெருவில் ஏற்றி விற்கிறவள்.

“நான் ஒரு தடவ ஏறிப் பாக்கட்டுமா?”

ரப்பர் செருப்போடு ஏறினாள். கால் கச்சிதமாக எட்டியது. ஒரு மிதி மிதித்தாள். வண்டி வாசலைத் தாண்டியது. இன்னொரு மிதிக்கு மேட்டுத் தெருவில் பாதியில் இருந்தாள். மூன்றாவதில் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது வேர்வைகூட இல்லை.

“பின்னாடி யாரோ தள்ளி விடற மாதிரி இருக்கு காங்!”

எந்தாங் பேனாவைத் திறந்தார். “யார் பேர எழுத?”

கோசாசி வண்டியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். எந்தாங் எடையைச் சொன்னபோது வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது.

“நினிங்னு எழுதுங்க பாக். பக்கத்துல ‘கட்டினது கோசாசி’ன்னு சின்னதா...”

“எடமில்ல.”

“நாயித்துக்கெழம எத்தன மணிக்கு?” என்றாள் நினிங்.

“காலையில அஞ்சரைக்கு, தேதே,” என்றார் எந்தாங், அக்கா முறை வைத்து.

“அதுக்குள்ள டோஃபு வித்துட்டு வந்துடறேன்.”

எந்தாங் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார். மனம் மாறிய கோசாசி, “பாக், ஒரு நிமிஷம்...” என்று எழுவதற்குள் நினிங் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.